மெழுகுவர்த்தி தொழிலுக்கு மானியம் கிடைக்குமா: ஆரம்பிச்சவங்களுக்கு ஒரு வழி, ஆரம்பிக்கப் போறவங்களுக்கு வேற வழி

வீட்டுல மெழுகுவர்த்தி பண்றவங்க கிட்ட பேசினா மொத கேள்வியா வர்றது இதுதான், "கவர்மெண்ட்ல மானியத்தோட லோன் தராங்களாமே, எனக்குக் கிடைக்குமா?" கிடைக்கும், ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு திருப்பிக் கேப்பேன். நீங்க விக்க ஆரம்பிச்சாச்சா, இல்ல இனிமேதான் ஆரம்பிக்கப் போறீங்களா? இதுக்கு நீங்க சொல்ற பதிலை வச்சுதான் எந்தத் திட்டம், எந்த ஆபீஸ், எவ்வளவு மானியம்னு எல்லாமே முடிவாகுது. இது தெரியாம எதையோ முதல்ல பதிஞ்சு வச்சுட்டு அப்புறம் மானியத்துக்குப் போய் நின்னு திரும்பி வந்தவங்களை நான் நிறைய பாத்துட்டேன், அதனால தான் இதை உக்காந்து எழுதுறேன்.

இனிமேதான் ஆரம்பிக்கப் போறீங்கன்னா உங்களுக்கு இருக்கறது பிஎம்இஜிபி, அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். 2008ல இருந்து இருக்கு. நாடு முழுக்க இதை நடத்துறது கதர் கிராமத் தொழில் ஆணையம், நம்ம மாவட்டத்துல போய் பாக்க வேண்டிய இடம் மாவட்ட தொழில் மையம், இல்லனா கதர் வாரியம். அப்ளிகேஷன் ஆன்லைன்ல, அதுக்குக் கட்டணமே கிடையாது. 18 வயசு முடிஞ்சிருக்கணும், வருமான உச்சவரம்புன்னு ஒண்ணும் இல்ல, உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரைக்கும் திட்டம் போடலாம். 10 லட்சத்துக்கு மேல போனா தான் எட்டாவது பாஸ் கேப்பாங்க, வீட்டு மெழுகுவர்த்திக்கு யாரும் அவ்வளவு போடப் போறதில்ல, அதனால படிப்பு இல்லையேன்னு தயங்க வேண்டாம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும், யார் பேர்ல போடறதுன்னு வீட்டுல முன்னாடியே பேசிக்கோங்க, ஏன்னா மானியமே ஆளைப் பொறுத்து மாறுது.

எப்படி மாறுதுன்னா, 3 லட்சத்துல ஒரு யூனிட் போடறோம்னு வைங்க. ஊராட்சி எல்லைக்குள்ள இருக்கற ஒரு பொண்ணு போட்டா அவங்க கைக்காசு 5 சதவீதம், 15,000 ரூபா. மீதி 2,85,000 பேங்க் கொடுக்கும். மானியம் 35 சதவீதம், 1,05,000. ஆக அவங்க உண்மையில கட்ட வேண்டிய கடன் 1,80,000. அதே பொண்ணு நகராட்சிலயோ மாநகராட்சிலயோ இருந்தா மானியம் 25 சதவீதம் தான், 75,000. பொதுப் பிரிவுல வர்ற ஒரு ஆண் நகரத்துல போட்டா கைக்காசு 10 சதவீதம் 30,000, மானியம் வெறும் 15 சதவீதம், 45,000. கிராமத்துல அவருக்கு 25. எஸ்சி, எஸ்டி, ஓபிசி, சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள், முன்னாள் ராணுவத்தினர் எல்லாருக்கும் பெண்களுக்கு இருக்கற அதே அதிக விகிதம் தான். நாங்க ஓபிசி தானே எங்களுக்கு எங்க கிடைக்கப் போகுதுன்னு விட்டுடறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு விடாதீங்க, உங்களுக்கும் அந்த 25, 35 தான்.

இந்த மானியம் கையில வராது, இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. பேங்க்ல உங்க பேர்ல டெபாசிட்டா 3 வருஷம் பூட்டி வச்சுடுவாங்க, அந்த அளவு கடனுக்கு வட்டி போடக்கூடாது, டெபாசிட்டுக்கும் வட்டி வராது. 3 வருஷம் யூனிட் ஓடணும், நேர்ல வந்து பாப்பாங்க, அதுக்கப்புறம் தான் அந்தப் பணத்தை கடன்ல கழிப்பாங்க. நடுவுல தொழிலை மூடிட்டா மானியம் திரும்பப் போயிடும். அதனால "லோன் எடுத்து மானியத்தை வச்சு வேற செலவு பாத்துக்கலாம்"னு யாராவது யோசனை சொன்னா காதுலயே போட்டுக்காதீங்க. இன்னொண்ணு, இந்தத் திட்டத்துக்கு 2021-22ல இருந்து 2025-26 வரைக்கும்னு தான் ஒப்புதல் கொடுத்தாங்க, அதனால அப்ளை பண்ற அன்னைக்கு போர்ட்டல்ல இருக்கற நடப்பு அறிவிப்பை ஒரு தடவை படிச்சுட்டு ஆரம்பிங்க.

பிஎம்இஜிபிக்குக் கொடுக்கற ப்ராஜெக்ட் ரிப்போர்ட், அதாவது என்ன செலவுல எப்படித் தொழில் பண்ணப் போறோம்ங்கற திட்ட அறிக்கை, அதுல தான் மெழுகுவர்த்திக்காரங்க மாட்டிக்கறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா எழுதிக் கொண்டு வந்த முதல் ரிப்போர்ட்டைப் பாத்தேன், மெழுகு இவ்வளவு, திரி இவ்வளவு, வாசனை எண்ணெய் இவ்வளவு, கண்ணாடி ஜாடி இவ்வளவுன்னு பூராவும் மூலப்பொருள் தான். இயந்திரம்னு ஒரு வரி கூட இல்ல. மூலதனச் செலவே இல்லாத திட்டத்துக்கு பிஎம்இஜிபில கடன் கிடையாதுன்னு விதியே இருக்கு, அதனால அது திரும்பி வந்ததுல ஆச்சரியம் இல்ல. அக்கா வீட்டுல அதுவரைக்கும் ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு அதுக்குள்ள இன்னொரு பாத்திரத்தை வச்சு மெழுகு உருக்கிட்டு இருந்தாங்க, அது பழகறதுக்கு சரி, தொழிலுக்குப் பத்தாது. மறுபடி உக்காந்து எழுதினோம், சூடு செட் பண்ற மெழுகு உருக்கி, அலுமினிய அச்சு, சிலிக்கான் அச்சு, தெர்மாமீட்டர், டிஜிட்டல் தராசு, பேக்கிங் மேஜை, ஆறவைக்க ரேக். ஒவ்வொண்ணுக்கும் கொட்டேஷன். ரேக் எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரிஞ்சிருக்கணும், சோயா மெழுகுல வாசனை மெழுகோட சேந்து பிடிக்க ஒண்ணு ரெண்டு வாரம் சும்மா வைக்கணும், அதுவரைக்கும் சரக்கு ரேக்ல தான் இருக்கும், காசு அதுல மாட்டிக்கிட்டு இருக்கும். இதை அப்படியே நடைமுறை மூலதனம்ங்கற இடத்துல எழுதுங்க, இன்னைக்கு வாங்கின மெழுகு காசா மாற எத்தனை நாள் ஆகும்னு. இந்த நாள் கணக்கு ரிப்போர்ட்ல இருந்தாலே இவங்களுக்குத் தொழில் தெரியும்னு எதிர்ல இருக்கறவங்களுக்குப் புரிஞ்சுடும், பக்கம் பக்கமா யாரோ டைப் பண்ணிக் கொடுத்த ரிப்போர்ட்டை விட இது மேல். கட்டட வாடகை சேக்கலாம், நிலத்தோட விலையை சேக்க முடியாது.

சரி, ஏற்கனவே ரெண்டு வருஷமா வித்துட்டு இருக்கீங்கன்னா? பிஎம்இஜிபியோட முதல் கடன் புது யூனிட்டுக்கு மட்டும் தான். இதுல தான் எதை முதல்ல பண்றோம்ங்கற வரிசை முக்கியம். உத்யம்ங்கற அரசாங்க சிறு தொழில் பதிவைப் பண்ணும்போது தொழில் ஆரம்பிச்ச தேதின்னு ஒரு கட்டம் வரும், அதுல நீங்க போடற தேதி தான் உங்களைப் புதுசா பழசான்னு காட்டும். பொய்யா தேதி போடச் சொல்லல, போடவும் கூடாது. நாளைக்கு பிஎம்இஜிபி போடற எண்ணம் இருந்தா, விக்க ஆரம்பிச்சு பதிவும் பண்ணிட்டு அப்புறம் அந்தப் பக்கம் போகாம, முதல்ல மாவட்ட தொழில் மையத்துல பேசிட்டு அப்புறம் அடுத்ததைப் பண்ணுங்கன்னு தான் சொல்றேன்.

ஓடிட்டு இருக்கற தொழிலுக்கு முத்ராங்கற கடன் திட்டம் இருக்கு. 2015 ஏப்ரல்ல வந்தது, 50,000 வரைக்கும் சிசு, அதுக்கு மேல 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை ஒழுங்கா அடைச்சவங்களுக்கு 2024ல இருந்து 20 லட்சம் வரைக்கும் தருண் பிளஸ். அடமானம் கேக்கக்கூடாது. ஆனா முத்ராவுல மானியம் கிடையாது, முழுசா வட்டியோட கட்டணும், முத்ராவுல மானியம் வாங்கித் தரேன்னு யார் சொன்னாலும் அது ஏமாத்து வேலை.

இங்க தான் நிறைய பேருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கு. பிஎம்இஜிபிலயே ரெண்டாவது கடன்னு ஒண்ணு இருக்கு, ஏற்கனவே பிஎம்இஜிபிலயோ முத்ராவுலயோ கடன் வாங்கி, அதை சரியா கட்டி முடிச்சு, லாபத்துல ஓடற யூனிட்டை பெருசாக்க. உற்பத்தித் தொழிலுக்கு 1 கோடி வரைக்கும் திட்டம், மானியம் 15 சதவீதம், கைக்காசு 10 சதவீதம். அப்ப பழைய தொழில்காரங்களுக்கும் மானியக் கதவு முழுசா சாத்தலை, முத்ரா வழியா சுத்தி வரணும், அவ்வளவுதான். அதுக்கு உங்க கிட்ட இருக்க வேண்டியது கணக்கு. ஆர்டர் பணத்தை எல்லாம் வீட்டுச் செலவு அக்கவுண்ட்லயே வாங்கிட்டு இருந்தா லாபத்தை எதை வச்சுக் காட்டுவீங்க? தொழிலுக்குத் தனியா ஒரு கரண்ட் அக்கவுண்ட் இன்னைக்கே போட்டுடுங்க.

உத்யம் பத்தி. 2020 ஜூலை 1ல இருந்து சிறு தொழில் பதிவு இது தான், ஆதார், பான் போதும், ஒரு பேப்பரும் அப்லோட் பண்ண வேண்டாம், ஒரு பைசா கட்ட வேண்டாம். தேடினா மேல விளம்பரத்துல அரசு சைட் மாதிரியே இருக்கற தனியார் சைட் வந்து நிக்கும், ஃபார்ம் எல்லாம் அதே மாதிரி, கடைசில பணம் கேக்கும். நானே ஒரு தடவை அப்படி ஒண்ணுல பாதி நிரப்பி ஆதார் நம்பரும் கொடுத்துட்டு, பேமெண்ட் பக்கம் வந்த பிறகு தான் முகவரியைப் பாத்தேன். ஜிஓவி டாட் இன்னு முடியலைன்னா மூடிடுங்க. தொழில் வகைக் குறியீடு கேக்கும்போது மெழுகுவர்த்தி 3290ங்கற உற்பத்திப் பிரிவுல வரும், வியாபாரம்னு போட்டுடாதீங்க, நீங்க உற்பத்தியாளர். ஏன் இதை அழுத்திச் சொல்றேன்னா காசு வராத பிரச்சினைக்கு இது தான் மருந்து.

ஒரு காலத்துல மெழுகுவர்த்தி சிறு தொழிலுக்குன்னே ஒதுக்கின பொருளா இருந்துச்சு, பெரிய கம்பெனி இஷ்டத்துக்கு இறங்க முடியாது. அந்தப் பட்டியல்ல கடைசியா மிச்சம் இருந்த 20 பொருளையும் 2015 ஏப்ரல்ல எடுத்துட்டாங்க, ஊறுகாய், அகர்பத்தி, தீப்பெட்டியோட மெழுகுவர்த்தியும் போச்சு. அந்த வேலி போன பிறகு நமக்கு மிஞ்சின பலமான சட்டம் 2006ம் வருஷ எம்எஸ்எம்இ சட்டம், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான சட்டம். கிஃப்ட் கடைக்கோ ஹோட்டலுக்கோ கல்யாண டெக்கரேஷன் பண்றவங்களுக்கோ சரக்கு கொடுத்துட்டு மாசக்கணக்கா "அடுத்த வாரம்"னு கேட்டுட்டே இருக்கோமே, சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இல்லனா 15 நாள்ல பணம் வரணும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தோட போர்ட்டல்ல நாமளே புகார் போடலாம். இதுபோக 2023-24 கணக்கு வருஷத்துல இருந்து, அந்தக் கெடுவுக்குள்ள பணம் கொடுக்கலைன்னா வாங்கினவர் அதை அந்த வருஷச் செலவா வருமான வரில கழிச்சுக்க முடியாது, கொடுத்த வருஷம் தான் கழிக்கலாம், அதனால அவரோட ஆடிட்டரே நச்சரிப்பார். சரக்கு கொடுக்கறதுக்கு முன்னாடியே உத்யம் கையில இருக்கணும், பில்லுல அந்த நம்பரை அச்சடிங்க, டெலிவரி சலான்ல தேதியோட கையெழுத்து வாங்குங்க. சண்டை போட வேண்டியதில்ல, பில்லுல அந்த நம்பரும் கீழ "15 நாள்"ங்கற ஒரு வரியும் இருந்தாலே நிறைய இடத்துல காசு சீக்கிரம் வருது.

ஜிஎஸ்டி பயம் எல்லாருக்கும் இருக்கு. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் வித்தா வருஷத்துக்கு 40 லட்சம் விற்பனை வரைக்கும் பதிவு வேண்டாம், புதுச்சேரில 20 லட்சம். சிக்கல் எங்கன்னா வேற மாநிலத்துக்கு ஒரு பார்சல் அனுப்பினாலே பொதுவா பதிவு கட்டாயம் ஆயிடும், வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து பெங்களூருக்குக் கூரியர் போடறவங்க இதைக் கவனிக்கறதே இல்ல. கைவினைப் பொருளுக்கு இதுல ஒரு சலுகை இருக்கு, கையால செஞ்ச மெழுகுவர்த்தி அந்தப் பட்டியல்ல வருது, பான் வச்சு, இ-வே பில், அதாவது சரக்கு அனுப்பறதுக்கு ஆன்லைன்ல எடுக்கற சீட்டு போட்டு, 20 லட்சத்துக்குள்ள இருந்தா பதிவு இல்லாம அனுப்பலாம். ஆனா அச்சுல ஊத்தி அப்படியே எடுக்கற சாதா வெள்ளை மெழுகுவர்த்தியை கைவினைன்னு சொல்ல முடியாது, கைவேலைப்பாடும் அழகும் தெரியணும், இதை ஒரு ஆடிட்டர் கிட்ட உங்க பொருளைக் காட்டியே கேட்டுடுங்க. பெரிய ஆன்லைன் தளங்கள்ல முன்னெல்லாம் ஜிஎஸ்டி பதிவு இல்லாம விக்க முடியாது, 2023 அக்டோபர்ல இருந்து சொந்த மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கறவங்க ஒரு என்ரோல்மெண்ட் நம்பர் வாங்கிட்டு விக்கலாம். மெழுகுவர்த்திக்கு ஜிஎஸ்டி விகிதம் 2025 செப்டம்பர் 22ல இருந்து 12ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சுடுச்சு, பழைய பில் சாஃப்ட்வேர் வச்சிருக்கவங்க மாத்திட்டீங்களான்னு பாருங்க.

பேக் பண்ணி விக்கறீங்கன்னா லேபிள்ல செஞ்சவர் பேர், முகவரி, எடை இல்ல எண்ணிக்கை, எல்லா வரியும் சேத்த எம்ஆர்பி, செஞ்ச மாசம் வருஷம், புகார் சொல்ல போன் நம்பர் இருக்கணும். பேக்கர் பதிவுன்னு எடையளவு துறைல ஒண்ணு இருக்கு, பேக் பண்ண ஆரம்பிச்ச 90 நாளுக்குள்ள அப்ளை பண்ணணும்.

பேரு கொஞ்சம் வெளிய தெரிய ஆரம்பிச்சதும் டிரேட்மார்க் போட்டுடுங்க, மெழுகுவர்த்தி 4வது வகுப்புல வரும், ஆன்லைன்ல தனிநபருக்கும் உத்யம் வச்சிருக்கற சின்ன நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபா, மத்தவங்களுக்கு 9,000. லோகோ போட்டுக் கொடுத்தவங்க பேர்லயோ, கூட சேந்து ஆரம்பிச்ச தோழி பேர்லயோ இல்லாம, தொழில் யார் பேர்ல இருக்கோ, கடன் யார் பேர்ல இருக்கோ, அவங்க பேர்லயே போடுங்க.