ஒரே கட்டுரை, நாலு சட்டை

முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "ஜேஸ்டோர் தரவுத்தளத்திலிருந்து இறக்கிய கட்டுரைக்கு, துணைநூற்பட்டியலில் ஜேஸ்டோர் பெயரையும் போட வேண்டுமா? நெறியாளர் 'போடும்மா' என்கிறார். ஏபிஏ கையேடு வேண்டாம் என்கிறது. ஆங்கிலத் துறைத் தோழியோ எம்எல்ஏ முறையில் போட்டே ஆக வேண்டும் என்கிறாள். யார் சொல்வது சரி, சார்?"

ஏபிஏ, எம்எல்ஏ எல்லாம் மேற்கோள் விவரத்தை எழுதும் முறைகள்; ஒரே கட்டுரைக்குப் போடும் வேறுவேறு சட்டைகள். கையேடும் சரி, தோழியும் சரி. நெறியாளர் சரியா என்பது உங்கள் பல்கலைக்கழகம் எந்த முறையைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லி நான் வம்பில் மாட்டிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் இந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் இணையத்தின் அருமையான ஓர் ஏற்பாட்டின் முன்னால் போய் நிற்போம். அதுவரை கூட வாருங்கள்.

நமக்குத் தெரிந்த கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்புப் பக்கத்துக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து 'நேச்சர்' இதழுக்கு எழுதிய சின்னக் கடிதம். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'இரண்டாம் நிலைக் கதிர்வீச்சில் ஒரு புதிய வகை'. இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும். பிறகு நோபல் பரிசில் போய் நின்ற ஒளிச்சிதறல் சங்கதி அதில்தான் இருக்கிறது.

ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறையில், அது இப்படி வரும்: ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). இரண்டாம் நிலைக் கதிர்வீச்சில் ஒரு புதிய வகை. நேச்சர், 121(3048), 501–502.

எம்எல்ஏ என்றதும் தொகுதி நிதி கேட்கப் போகாதீர்கள். இது அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம். அவர்கள் எழுதுவது: ராமன், சி. வி., மற்றும் கே. எஸ். கிருஷ்ணன். "இரண்டாம் நிலைக் கதிர்வீச்சில் ஒரு புதிய வகை." நேச்சர், தொகுதி 121, எண் 3048, 31 மார்ச் 1928, பக். 501–02.

மருத்துவர்கள் பயன்படுத்தும் வான்கூவர் முறைக்கு இடம் மிச்சம் பிடிப்பதே குறி: ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். இரண்டாம் நிலைக் கதிர்வீச்சில் ஒரு புதிய வகை. நேச்சர். 1928;121(3048):501-2. ஆண்டுக்கும் தொகுதிக்கும் பக்கத்துக்கும் நடுவே இடைவெளிகூடக் கிடையாது. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 1978இல் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதால் இந்தப் பெயர். நாலாவது சட்டை சிகாகோ; வரலாற்றுக்காரர்கள் அடிக்குறிப்போடு அணிவது. 1906 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

இந்த வித்தியாசங்கள் வெறும் வீம்பு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாதி வீம்புதான். மீதிப் பாதியில் அந்தந்தத் துறையின் கவலை தெரிகிறது. உளவியலில் பத்து வருடப் பழைய ஆய்வை ஒருவர் தூக்கிப் பிடித்தால் உடனே தெரிய வேண்டும். அதனால் பெயருக்குப் பக்கத்திலேயே ஆண்டு. இலக்கியத்தில் ஆண்டைவிட, எந்தப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது என்பது முக்கியம். அதனால் எம்எல்ஏ கட்டுரைக்குள் பெயரோடு பக்க எண்ணைப் போடுகிறது.

ராமன் கதையிலேயே இதன் விளைவைப் பார்க்கலாம். 1928 பிப்ரவரியிலேயே மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்ற இயற்பியலாளர்கள் படிகங்களில் இதே ஒளிச்சிதறலைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் கட்டுரை அச்சேறியது ஜூலையில். யார் முந்தியது என்று இன்றுவரை பேசுகிறார்கள். இரண்டு கட்டுரைகளையும் ஏபிஏ முறையில் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் (1928) என்று மட்டும் இருக்கும். எம்எல்ஏ காட்டும் அந்த '31 மார்ச்' ஏபிஏயில் மாயமாகிவிடும். அறிவியலில் மாதக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்! இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு எம்எல்ஏவுக்குத்தான்.

சரி, ஜேஸ்டோருக்கு வருவோம். ஏபிஏயின் கணக்கில் தரவுத்தளம் என்பது கடை. புத்தகத்தை ஹிக்கின்பாதம்ஸில் வாங்கினோமா, பழைய புத்தகக் கடையில் வாங்கினோமா என்று துணைநூற்பட்டியலில் யாராவது எழுதுவார்களா? அந்தக் கட்டுரை வேறெங்கும் கிடைக்காது, அந்தத் தரவுத்தளத்தில் மட்டும்தான் இருக்கிறது என்றால் மட்டும் பெயரைப் போடு என்கிறது. எம்எல்ஏ வேறு மாதிரி யோசிக்கிறது. கட்டுரை ஓர் இதழுக்குள் இருக்கிறது, அந்த இதழ் ஒரு தரவுத்தளத்துக்குள் இருக்கிறது, டிபன் டப்பாவுக்குள் டிபன் டப்பா. நீ எந்த டப்பாவைத் திறந்து சாப்பிட்டாயோ அதைச் சொல் என்பது அதன் நியாயம். சிகாகோ வழக்கம்போல நடுவில் நின்றுகொள்கிறது.

இதற்கெல்லாம் மேல் ஒரு பெரிய தொல்லை இருந்தது. முகவரி.

பல வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து, ஒரு நீண்ட கட்டுரைக்காக முப்பது சொச்சம் மேற்கோள்களைச் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் உலாவியின் மேலே இருந்த முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டினேன். வீட்டுக்கு வந்து சொடுக்கினால் எல்லாமே லாகின் பக்கத்துக்குப் போய் நின்றன. காரணம் எளிது. நூலகம் வழியாகத் தரவுத்தளத்துக்குள் போகும்போது, முகவரியில் அந்தக் கல்லூரியின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். சில தரவுத்தளங்கள் அன்றைய அமர்வுக்கான தற்காலிக எண்ணையும் சேர்த்துவிடும். நான் பத்திரமாக எழுதி வைத்திருந்தது கட்டுரையின் முகவரியை அல்ல, அன்று மத்தியானம் நான் உள்ளே போன வாசலின் முகவரியை.

வாசல் சரியாக இருந்தாலும் வீடு இடம் மாறும். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்த இணைய முகவரிகளைச் சோதித்த ஹார்வர்டு சட்ட அறிஞர்கள், அவற்றில் பாதி, தீர்ப்பு சுட்டிய விஷயத்துக்குப் போகவில்லை என்று கண்டார்கள். தீர்ப்புக்கே இந்தக் கதி என்றால் ஆய்வேட்டுக்குக் கேட்கவே வேண்டாம்.

இதற்கு வந்த மருந்துதான் டிஓஐ. இலக்கமுறைப் பொருளுக்கான நிரந்தர அடையாள எண். நம்முடைய ராமன்–கிருஷ்ணன் கடிதத்தின் டிஓஐ இப்படி ஓடும்: 10.1038, ஒரு சாய்கோடு, 121501, சின்ன எழுத்தில் ஆங்கிலச் 'சி', கடைசியில் பூஜ்யம். தொடக்கத்தில் உள்ள 10, 'நான் டிஓஐ' என்று சொல்கிறது. 1038 அந்தப் பதிப்பகத்துக்குக் கொடுத்த எண். அப்புறம் வருவதை உற்றுப் பாருங்கள்: 121, 501. தொகுதி 121, பக்கம் 501! பதிப்பகம் தன் வசதிக்காக அப்படி வைத்துக்கொண்டது. கணினிக்கு அந்த அர்த்தம் தேவையே இல்லை. அதற்கு அது வெறும் எழுத்துச் சரம். அதுதான் இதன் பலமும். எண்ணில் அர்த்தம் இல்லாவிட்டால், பதிப்பகம் கைமாறினாலும் இதழ் பெயர் மாறினாலும் எண்ணைத் திருத்த வேண்டியதில்லை.

இந்த எண்ணை டிஓஐ தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒட்டிச் சொடுக்கினால் என்ன நடக்கிறது? அதற்குப் பின்னால் 'ஹேண்டில்' என்ற அமைப்பு இருக்கிறது. வின்ட் செர்ஃபோடு சேர்ந்து இணையத்துக்கே அடித்தளம் போட்ட ராபர்ட் கானின் நிறுவனத்தில் பிறந்தது. அது முதலில் முன்பாதியைப் பார்த்து, 10.1038காரர்களின் பதிவேடு எங்கே என்று கண்டுபிடிக்கிறது. பிறகு அந்தப் பதிவேட்டில் முழு எண்ணைத் தேடி, எதிரே எழுதியிருக்கும் இன்றைய முகவரியை எடுத்து, 'அங்கே போ' என்று உங்கள் உலாவியைத் திருப்பிவிடுகிறது. பதிப்பகம் வீடு மாற்றினால் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். உலகம் முழுக்க அச்சாகிவிட்ட மேற்கோள்கள் எதையும் தொட வேண்டாம்.

இதுவரை சொன்னது பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த படி. உங்கள் உலாவி எந்தத் தளத்தின் கதவைத் தட்டினாலும், நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியில் 'எனக்கு இந்த வடிவில் வேண்டும்' என்று சொல்லித்தான் தட்டுகிறது. மெஸ்ஸில் நுழைந்ததும் 'பார்சலா, இலையா?' என்று கேட்பார்களே, அதைக் கேட்கும் முன்பே நாம் சொல்லிவிடுவது மாதிரி. வழக்கமாக உலாவி 'படிக்கிற பக்கம் கொடு' என்று கேட்கும். ஸோட்டெரோ மாதிரியான மேற்கோள் மென்பொருள் அதே டிஓஐ கதவைத் தட்டி, 'எனக்குப் பக்கம் வேண்டாம், விவரம் மட்டும் கொடு' என்று கேட்கும். அப்போது பதிப்பகத்தின் பக்கத்துக்குத் திருப்பிவிடாமல், பதிப்பகங்கள் 2000ஆம் ஆண்டு வாக்கில் கூடித் தொடங்கிய க்ராஸ்ரெஃப் என்ற அமைப்பிலிருந்து, ஆசிரியர் யார், தலைப்பு என்ன, தொகுதி எது, பக்கம் எது என்று தனித்தனிக் கட்டங்களில் போட்ட விவரம் வரும். அதோடு விடவில்லை. 'விவரத்தை ஏபிஏ சட்டை போட்டுக் கொடு' என்று கேட்டால், கோத்த மேற்கோளாகவே வந்து சேரும். 'வான்கூவர்' என்று ஒரு சொல்லை மாற்றினால் அதே கதவு வேறு சட்டையில் கொடுக்கும்.

ஆக, சட்டை வேறு, ஆள் வேறு. ஒவ்வொரு முறைக்கும் ஒரு விதிக் கோப்பு இருக்கிறது. அதில் எந்தக் கட்டுரையும் கிடையாது. 'ஆண்டை அடைப்புக்குறிக்குள் வை, இதழ் பெயரைச் சாய்த்து எழுது' போன்ற கட்டளைகள் மட்டுமே. ஸோட்டெரோவுக்கு இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாயிரம் சட்டைகள்!

இந்த இயந்திரம் நம்மிடம்தான் இடறுகிறது. அதன் கட்டங்களில் ஒன்று 'இட்ட பெயர்', இன்னொன்று 'குடும்பப் பெயர்'. இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் சந்திரசேகர் போய் உட்காரும். அது அவருடைய சொந்தப் பெயர். இட்ட பெயர்க் கட்டத்தில் சுப்பிரமணியன். அது அவர் அப்பா பெயர். மேற்கோளில் 'சந்திரசேகர், எஸ்.' என்று தற்செயலாகச் சரியாக வந்துவிடுகிறது. ஆனால் அப்பா பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் போட்டுப் பழகியவர்களுக்கு அப்பாதான் ஆசிரியர் ஆகிவிடுவார். ஸோட்டெரோவில் பெயரை ஒரே கட்டமாக மாற்றிக்கொள்ள வசதி உண்டு. தமிழ்ப் பெயர்களை உள்ளிடும்போது அதைப் பயன்படுத்துங்கள், தயவுசெய்து.

கையால் எழுதினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்பீர்கள். கலிஃபோர்னியாவில் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 2002 வாக்கில் ஒரு வேலை செய்தார்கள். 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரையை எடுத்து, மேற்கோள்களில் உள்ள அச்சுப்பிழைகளை எண்ணினார்கள். 196 பிழைகள். ஆனால் வெவ்வேறு பிழைகள் 45தான். ஒரே தப்பான பக்க எண் 78 கட்டுரைகளில் அப்படியே இருந்தது. 78 பேர் தனித்தனியாக ஒரே தப்பைச் செய்திருக்க முடியுமா? ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஏட்டுச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்று உ.வே.சா. காலத்துப் பதிப்பாசிரியர்களுக்குத் தெரியும்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் வெளிநாட்டு ஆய்விதழ்களைப் படிக்க மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு புதுக் கட்டுரைக்கு டிஓஐ பதிவு செய்ய க்ராஸ்ரெஃப் வாங்குவது ஆண்டுச் சந்தா போக ஏறக்குறைய ஒரு டாலர். நம் ஊரில் வரும் தமிழ் ஆய்விதழ்கள் பலவற்றில் அந்த எண் இல்லை. இதழின் தளம் ஒருநாள் படுத்துவிட்டால் அதில் வந்த கட்டுரைகளும் கூடவே போய்விடும். பிறர் எழுதியதைப் படிக்கக் கோடிகள் உண்டு, நாம் எழுதியதைத் தொலையாமல் வைக்க ஒரு டாலர் இல்லை என்றால் என்ன கணக்கு இது?

வாசகிக்கு. உங்கள் கட்டுரையின் ஜேஸ்டோர் முகவரியில் கடைசியாக ஓர் எண் இருக்கும். ஜேஸ்டோருக்கு டிஓஐ முன்னெண் 10.2307. அதை முன்னால் வைத்து, ஒரு சாய்கோடு போட்டு, அந்த எண்ணைப் பின்னால் எழுதி, டிஓஐ தளத்தில் கொடுத்துப் பாருங்கள். பழைய கட்டுரைகள் பலவற்றுக்கு அதுவே டிஓஐ. கட்டுரை திறந்தால் அந்த எண்ணைப் போடுங்கள், ஏபிஏயில் ஜேஸ்டோர் பெயர் தேவையில்லை. 'காணவில்லை' என்று வந்தால் ஏபிஏயில் தொகுதி, பக்க எண்களோடு நிறுத்திக்கொள்ளலாம். எம்எல்ஏயில் ஜேஸ்டோர் பெயரோடு, கட்டுரைப் பக்கத்திலேயே அவர்கள் 'நிலையான முகவரி' என்று கொடுத்திருப்பதை எழுதுங்கள். உலாவியின் தலைமேல் இருப்பதை மட்டும் எடுக்காதீர்கள். நெறியாளர் அப்போதும் 'போடும்மா' என்றால், போட்டுவிட்டு வைவாவை முடித்துக்கொண்டு வாருங்கள்.