பாயிண்ட் எல்லாம் புள்ளியா?

வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் தம் கையிலிருந்த சுற்றுலாத் துண்டறிக்கையைக் காட்டி, “இந்தச் சூரிய அஸ்தமனப் புள்ளி எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். கன்னியாகுமரியிலிருந்து மேற்கே கோவளம் செல்லும் வழியில் (சென்னைக் கோவளமும் அல்ல, கேரளக் கோவளமும் அல்ல, நம்முடைய கோவளம்) ஆட்டோ ஓட்டுநர்கள் ‘சன்செட் பாயிண்ட்’ என்று சொல்லும் இடத்தைத்தான் அது குறித்திருந்தது. பாயிண்டைப் புள்ளி என்று மொழிபெயர்த்த இந்தப் பெயரை இதற்கு முன்பும் பலமுறை படித்துப் பொறுத்திருக்கிறேன், இனியும் பொறுப்பதற்கில்லை.

இலத்தீனில் குத்துதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது ‘பாயிண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல். குத்திய தடம் புள்ளியாயிற்று. குத்தும் கூர் முனையாயிற்று. பிரெஞ்சு மொழியில் தனித்தனியே நின்ற அவ்விரு சொற்களும் ஆங்கிலத்தில் ஒரே வடிவில் கலந்துவிட்டன. சைக்கிள் கடையில் ஒட்டுகிற பஞ்சரும் இதே வேரினதுதான்.

தமிழில் புள்ளி பழைய சொல். “மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்” என்று தொல்காப்பியமே கூறுகிறது. எழுத்தின் மேல் வைப்பது, கோலத்துக்கு இடுவது, மானின் உடலில் இருப்பது என அது எங்கும் சிறு பொட்டைத்தான் குறிக்கிறது. ஆளைக் குறிக்கும்போது மட்டும் பெரும்புள்ளி என்கிறோம். ஆகவே ஒரு கூட்ட அறிக்கையில் “முக்கியப் புள்ளிகள் கீழே தரப்பட்டுள்ளன” என்று படித்தபோது, ஊர்ப் பிரமுகர்களின் பட்டியல் வரும் என்றே எதிர்பார்த்தேன், வந்தவை கருத்துகள்.

வடிவியலில் இருப்பிடத்தைக் குறிப்பது புள்ளிதானே, அதனால் இடத்தையும் அவ்வாறு சொல்லலாமே என்று புள்ளிக்காக வாதிடுவோர் உண்டு. வடிவியற் புள்ளிக்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை. வேன்கள் நிற்கவும் சுண்டல் விற்கவும் நூற்றுக்கணக்கானோர் கூடி நின்று மேற்கே பார்க்கவும் அதில் இடம் ஏது? மேலும், அஸ்தமனப் புள்ளி என்றால் நேர்ப்பொருளில் அது நாம் நிற்கும் இடமே ஆகாது, அடிவானத்தில் சூரியன் மறைகிற இடமாகும். அதுவோ நிலையாக நிற்பதில்லை. மார்கழியில் தென்மேற்கிலும் ஆனியில் வடமேற்கிலும் மறைகிற சூரியன், இடைப்பட்ட மாதங்களில் ஏறத்தாழ 47 பாகை நகர்ந்துவிடுகிறது. ‘அஸ்தமனம்’ வடசொல் என்பதில் எனக்குப் பெரிய வழக்கில்லை. தெளிவாக இருக்கும் வடசொல்லைவிடக் குழப்புகிற தமிழ்ச்சொல்லே எனக்கு உறுத்துகிறது. ‘பாயிண்ட்’ என்றே சொல்லிப்போகிற ஆட்டோக்காரர் மீதும் குறையில்லை. அவர் சொன்னால் யாரும் வழி தவறுவதில்லை.

முனை என்பது புள்ளியைவிட மேலானது, ஆனால் நிலம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அது பொருந்தும். குமரிமுனை என்பது சரி. முட்டத்தின் பாறை மேட்டைக் காட்சிமுனை என்றாலும் தகும். சாதாரண மணற்கரைக்கு ‘அந்திக் காட்சியிடம்’ என்பதே போதுமானது. பழைய கலைச்சொல்லாக்கத்தைப் பாருங்கள்: கொதிநிலை, உருகுநிலை, திருப்புமுனை. பாயிண்ட் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை நிலை என்றும் முனை என்றும் பொருளுக்கேற்பப் பிரித்தவர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடவில்லை. இன்றைய மொழிபெயர்ப்பாளர்களோ அந்த வரியைத் தாண்டுவதில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் எத்தனை பொருளில் வந்தாலும் தமிழிலும் ஒரே சொல்லை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள்.

கடற்கரையோரப் பெயர்களில் நமக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலேயர் பாயிண்ட் காலிமர் என்றது நமக்குக் கோடியக்கரை. தனுஷ்கோடியில் நிற்பதும் அதே கோடி, நிலத்தின் கடைசி. அவர்கள் பாயிண்ட் பீட்ரோ என்றது ஈழத்தில் பருத்தித்துறை. இவ்வளவும் இருக்க, அந்தத் துண்டறிக்கை விவேகானந்தர் பாறைக்குச் செல்வோருக்காக அடுத்த பக்கத்தில் ‘படகு ஏறும் புள்ளி’ என்று ஓர் அம்புக்குறி இட்டிருந்தது. உறவினரிடம் அதைப் படகுத்துறை என்று படித்துக் காட்டினேன். அதற்குமேல் அவர் வழி கேட்கவில்லை.