ஒரு விரை போன பிறகு உடம்பில் எது மாறும், எது மாறாது?

காசிமேட்டில் மீன்கூடை தூக்குகிறவரானாலும் வியாசர்பாடியில் பந்தாடும் பையனானாலும், புற்றுநோய்க்காக ஒரு விரையை எடுத்துவிட்டார்கள் என்றால் முதலில் வரும் பயம், ‘இனிமே நான் ஆம்பளையா?’ என்பதுதான். இந்த நோய் பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் வருவதால் பயம் இன்னும் கூடுகிறது.

விறைப்பு, விந்து வெளியேறுதல், விந்தணு உற்பத்தி, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு ஆகிய நான்கும் தனித்தனி வேலைகள். எதில் கோளாறு என்று தெரியாமல் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து லேகியம் வாங்கினால் காசுதான் கரையும்.

விரையை எடுக்கக் கத்தி வைப்பது தொடை இடுக்குக்கு மேலே. விறைப்புக்கான நரம்புகள் அந்த வழியில் இல்லை. மீதமுள்ள விரை நன்றாக இருந்தால் டெஸ்டோஸ்டிரோனுக்கும் விந்தணுவுக்கும் பெரும்பாலோருக்கு அதுவே போதும். விந்துத் திரவத்தில் விரையின் பங்கு 5 சதவீதம்கூட வராது. மற்றதெல்லாம் விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் சுரப்பது. அளவு குறைந்ததாகத் தெரியாது.

நோய் பரவக்கூடிய, வயிற்றின் பின்பக்க நெறிகட்டிகளை எடுக்கும் ஆபரேஷன் வேறு கதை. விந்தை வெளியே தள்ளும் நரம்புகள் அங்கே பெருந்தமனியை ஒட்டி ஓடுகின்றன. அவை அறுபட்டால் உச்சம் வரும், விந்து வராது. சிலருக்கு அது மூத்திரப்பைக்குள் போய்விடும்; கெடுதல் இல்லை. உறவுக்குப் பின் சிறுநீரைச் சோதித்தால் தெரிந்துவிடும். அதிலிருந்தே விந்தணுவைப் பிரித்துக் குழந்தைக்கு முயலலாம்.

கீமோவில் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் விந்தணுவை நேராகத் தாக்கும். எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கே போகலாம். பலருக்கு ஓரிரு ஆண்டில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. ஆகவே கீமோவுக்கு முன்பே, முடிந்தால் ஆபரேஷனுக்கும் முன்பே, 2–3 நாள் இடைவெளி விட்டு விந்து கொடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சேமித்துவிட வேண்டும். கல்யாணமாகாத பையனிடம் இதைப் பேச வீட்டில் கூச்சப்படுவார்கள். டாக்டரே பேச்சை எடுப்பது நல்லது.

ஓயாத அசதி, ஆசைக் குறைவு, காலை விறைப்பு நின்றுபோவது ஆகியவை இருந்தால் காலை 7 முதல் 10 மணிக்குள் ரத்தம் கொடுத்து டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் இன்னொரு நாளும் பார்ப்பார்கள். இங்கே ஒரு பொறி உண்டு: டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் மூளையடிச் சுரப்பி விரைக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். பிள்ளை வேண்டுமென்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஜிம்மில் யாரோ நீட்டும் ஊசிக்கும் இதே விளைவுதான்.

காலியாகத் தொங்குவது உறுத்தினால் சிலிக்கோனில் செய்த செயற்கை விரை வைக்கலாம். அதே ஆபரேஷனிலோ, வருடங்கள் கழித்தோ. பையின் அடியில் தையல் போட்டு நிறுத்தாவிட்டால் மேலேறிவிடலாம். நிஜத்தைவிடக் கெட்டியாக இருக்கும். கிருமி தொற்றினால் எடுத்துவிடுவார்கள். வைக்காமல் விட்டாலும் குறையில்லை. லுங்கிக்குள் யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு 4 முதல் 6 வாரம் கனம் தூக்கக் கூடாது. ஆட்டத்துக்குத் திரும்பும்போது, மீதமுள்ள விரையில் அடிபடாமல் காக்க ஸ்போர்ட்ஸ் கடையில் கிடைக்கும் கவசக் கப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை வெந்நீர்க் குளியலுக்குப் பின் மீதமுள்ள விரையை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். பின்பக்கம் கயிறுபோல் மெத்தென்று தட்டுப்படுவது விந்தணு முதிரும் சுருள்குழாய் (எபிடிடிமிஸ்), கட்டி அல்ல. வலியில்லாமல் கல்லாகத் தட்டுப்பட்டால் அந்த வாரமே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் யூராலஜி (சிறுநீரகவியல்) புறநோயாளிப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.