தென்னை நிற்கும் ஊரில் எண்ணெய் விலை ஏறுவது எப்படி?

2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்துப் பலசரக்குக் கடைகளில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன்பு அதில் ஏறத்தாழ பாதிதான் விலை. அவியலுக்கும் துவரனுக்கும் மீன் குழம்புக்கும் தேங்காய் எண்ணெயைத் தவிர வேறொன்றை நினைக்காத வீடுகளில்கூட பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் நுழைந்தன. நம்ம ஊரிலேயே தென்னை நிற்கிறது, தேங்காய் விழுகிறது, செக்கும் இங்கேயே ஓடுகிறது, அப்புறம் ஏன் இந்த விலை என்று எல்லோரும் கேட்டார்கள். கடைக்காரர் பதுக்குகிறார் என்று சொன்னவர்களும் உண்டு. கடைக்காரரைத் திட்டுவது எளிது. ஆனால் இந்த விலை உருவாவது அவருடைய கல்லாவுக்கு வெகு தொலைவில்.

ஒரு தேங்காயின் விலை அதை விளைவிக்க ஆன செலவால் மட்டும் முடிவாவதில்லை. அதே தேங்காயை வாங்க வேறு யாரெல்லாம் காத்திருக்கிறார்கள் என்பதுதான் பெரிய காரணம். குமரித் தோப்பில் வெட்டும் காயைக் கேட்டு களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து ஆள் வருகிறார். ஓணம் நெருங்கினால் இன்னும் கூடுதலாகவே வருகிறார். காங்கேயத்துக் கொப்பரைக் களத்துக்குத் தேங்காய் வேண்டும், உலர் தேங்காய்ப் பொடி ஏற்றுமதி செய்பவருக்கு வேண்டும். இளநீர் வியாபாரியோ முற்றும் முன்பே இறக்கிக்கொண்டு போய்விடுகிறார். சிரட்டைக்கும், அதாவது கொட்டாங்குச்சிக்கும், இன்று நல்ல விலை உண்டு. அதைக் கரியாக்கி, செயலூட்டிய கார்பனாக மாற்றி, தண்ணீர் சுத்திகரிக்கும் வடிகட்டிகளுக்காக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். இத்தனை பேரில் அதிகம் தருபவர் என்ன தருகிறாரோ, அதையே உள்ளூர்ச் செக்குக்காரரும் தர வேண்டும். இல்லையென்றால் காய் அவருக்குக் கிடைக்காது.

அந்த ஆண்டு காயும் குறைவு. தென்னையின் உயிரியல் இங்கே முக்கியம். பாளை வெடித்துப் பூ கருவுற்ற பின் தேங்காய் முற்ற ஏறக்குறைய 12 மாதம் ஆகும். அந்தப் பாளையோ, வெளியே தெரிவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்பே மரத்தின் குருத்துக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே 2023–24 எல் நினோ காலத்து வெயிலும் மழைக்குறைவும் மரத்தைச் சுட்டது அப்போது. காய் குறைந்தது பிறகு. வெள்ளை ஈயும், நம் மாவட்டத்தை நீண்ட காலமாக வாட்டும் வாடல் நோயும் சேர்ந்துகொண்டன. பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் அதே வறட்சியால் காய்ப்பு குறைந்தது. போதாக்குறைக்கு, பிலிப்பைன்ஸ் அரசு 2024 அக்டோபர் முதல் டீசலில் கலக்கும் தேங்காய் எண்ணெய் எரிபொருளின் அளவை 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக உயர்த்தியது. 2023-க்கும் 2025-க்கும் இடையில் உலகச் சந்தையில் தேங்காய் எண்ணெய் விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது.

சரி, தேங்காய் எண்ணெய் எட்டாத விலைக்குப் போனால் பாமாயிலுக்கு மாறிவிடலாமே? அங்கேதான் கதை இன்னும் விரிகிறது.

வேதியியலில் எல்லாச் சமையல் எண்ணெய்களுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே: கிளிசரால் என்ற சிறு மூலக்கூறு, அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள். எந்த அமிலம் எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். எண்ணெய்ப்பனையின் கொட்டைப்பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயும் அப்படித்தான். சோப்பு நுரைக்க இந்த அமிலம் தேவை என்பதால், சோப்புத் தொழிற்சாலை இரண்டில் எது மலிவோ அதை வாங்குகிறது. பிஸ்கட், சிப்ஸ் செய்பவர்கள் பனையின் சதையிலிருந்து வரும் பாமாயில், சோயா, சூரியகாந்தி என்று மாறி மாறி வாங்குகிறார்கள். ஒன்றின் விலை ஏறினால் வாங்குவோர் அடுத்ததற்குத் தாவுகிறார்கள். உடனே அதன் விலையும் ஏறுகிறது. வீட்டில் நாம் செய்வதும் இதே தாவல்தான், சிறிய அளவில்.

இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1.6 கோடி டன். அதில் முதலிடம் பாமாயிலுக்கு. உலகப் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியா, மலேசியா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. இப்படி இரண்டு நாடுகளை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று 2022-ல் பார்த்தோம். பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. அதுவரை நம் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கருங்கடல் துறைமுகங்கள் மூடின. உலகமே பாமாயில் பக்கம் தாவியது. இந்தோனேசியாவில், உலகிலேயே அதிகம் பாமாயில் எடுக்கும் அந்த நாட்டிலேயே, சமையல் எண்ணெய்க்குப் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 28 அன்று அந்நாடு பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது; மே 23-ல்தான் மறுபடி திறந்தது. தென்னை நிற்கும் ஊரில் நமக்கு நேர்ந்தது பனை நிற்கும் ஊரில் அவர்களுக்கு முன்பே நேர்ந்திருக்கிறது. நாமும் பிற நாடுகளுக்கு இதைச் செய்திருக்கிறோம். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தபோது, உலக அரிசி ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 சதவீதம் நம் கையில் இருந்தது. நம் அரிசியை நம்பிய ஆப்பிரிக்க நாடுகளின் சமையலறைகளில் அது அடியாக விழுந்தது.

பாமாயிலுக்கு விலை சொல்லும் கோலாலம்பூர்ச் சந்தையில் விலை அசையாமல் நின்றாலும் நாகர்கோவிலில் ஏற முடியும். இறக்குமதியாளர் டாலரில் பணம் கட்டுகிறார். ஒரு டன் பாமாயில் 1,000 டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். டாலர் 75 ரூபாயாக இருந்தால் கிலோ 75 ரூபாய். டாலர் 84 ஆனால் கிலோ 84. எண்ணெயும் மாறவில்லை, விலைப்பட்டியலும் மாறவில்லை. 9 ரூபாய் ஏறிவிட்டது. இதன் மேல் வரி. 2024 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தியது. நம் கணக்கில் 84 ரூபாய் எண்ணெய் முன்பு வரியோடு 88 ரூபாய் 60 காசு. பிறகு 107 ரூபாய் 10 காசு. ஒரே இரவில் கிலோவுக்கு 18 ரூபாய்க்கு மேல். உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயியைக் காப்பது அதன் நோக்கம், அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான பணம் வறுசட்டியிலிருந்துதான் போகிறது. 2025 மே இறுதியில் வரியை 16.5 சதவீதமாகக் குறைத்தார்கள்.

வரி ஏறிய அன்றே கடையில் விலை ஏறிவிட்டது, குறைந்தபோது மட்டும் அதே வேகத்தில் இறங்கவில்லையே என்று பலரும் குறைப்பட்டார்கள். அந்த எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனில் பெட்ரோல் விலையை ஆராய்ந்த பொருளியலாளர் ராபர்ட் பேக்கன் 1991-ல் இதே போக்கைக் கண்டு, விலை ராக்கெட்போல ஏறி இறகுபோல இறங்குகிறது என்று எழுதினார். கோட்டாறு மொத்தக் கடைக்காரர் ஒருவர் பழைய விலைக்கு வாங்கிய நூறு டின் வைத்திருக்கிறார் என்று வைப்போம். விலை ஏறப் போகிறது என்று தெரிந்தால், அந்த நூறும் விற்ற பின் புதிதாக வாங்க எவ்வளவு ஆகுமோ அதை வைத்தே இன்றைக்கு விலை சொல்வார். இல்லையென்றால் அடுத்த சரக்குக்கு முதல் போதாது. விலை இறங்கும்போதோ, கூடுதல் விலைக்கு வாங்கிய சரக்கு தீரும்வரை இறக்க மாட்டார். நம்மிடமும் ஒரு காரணம் உண்டு. விலை ஏறும்போது மூன்று கடை ஏறி விசாரிக்கிறோம். இறங்கத் தொடங்கியதும் விசாரிப்பதை விட்டுவிடுகிறோம். விசாரிக்க ஆள் இல்லாத இடத்தில் போட்டியும் தளர்கிறது.

விலையை ஏற்றாமலே ஏற்றும் வழியும் இருக்கிறது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். பாக்கெட் அளவு இன்னதாக இருக்க வேண்டும் என்ற பழைய விதி நீங்கிய பிறகு 850, 800, 750 கிராம் பாக்கெட்டுகள் வந்தன. கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ‘லிட்டர் பாக்கெட்’ என்று நினைத்து 800 கிராம் வாங்குகிறவருக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு கிராமுக்கு என்ன விலை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

குமரி வீடுகளின் கணக்கு சென்னை வீட்டுக் கணக்கிலிருந்து வேறுபடுவது ரப்பரால். தமிழ்நாட்டு ரப்பரில் மிகப் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது. அருமனை, குலசேகரம் பக்கத்தில் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம், பாலை உறையவைத்து உலர்த்திய ஷீட்டையும் மரத்திலேயே உறைந்த ஒட்டுப்பாலையும் விற்ற காசில்தான் மாதச் சாமான் வாங்குகிறது. ரப்பர் விலையோ பாங்காக் சந்தையையும், சீனத்து டயர் ஆலைகளையும், செயற்கை ரப்பருக்கு மூலமான கச்சா எண்ணெயையும் பார்த்து நடக்கிறது. அதாவது இந்த வீட்டின் வரவு, செலவு இரண்டுமே கடல் கடந்த விலைகள். 2011-ல் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. அன்றைய விலையில் ஒரு கிலோ ஷீட்டுக்குச் சுமார் மூன்று கிலோ துவரம் பருப்பு வாங்கலாம். 2015 அக்டோபருக்கு வாருங்கள். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு மழை பொய்த்ததில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய் வரை போயிருந்தது; ரப்பரோ விழுந்துகொண்டிருந்தது, 2016 பிப்ரவரியில் 100 ரூபாய்க்கும் கீழே. ஒரு கிலோ ஷீட்டுக்கு அரைக்கிலோ பருப்பு என்ற நிலை. அந்த வீட்டில் யாரும் குறைவாக உழைக்கவில்லை. மரமும் பால் தந்தது. ஆனாலும் பருப்புக் கணக்கில் குடும்பத்தின் வாங்கும் சக்தி ஆறில் ஒன்றாகிவிட்டது. பருப்பை உடனே வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பவும் முடியவில்லை. துவரையை இத்தனை ஆசையாகச் சாப்பிடும் நாடு நாம்தான். மியான்மர், மொசாம்பிக், மலாவி, தான்சானியா எல்லாம் பெரிதும் நமக்காகவே விளைவிக்கின்றன. உலகத்தில் அதற்கு வேறு கையிருப்பு இல்லை. மொசாம்பிக்குடன் அரசு கொள்முதல் ஒப்பந்தம் போட்டதே 2016-ல்தான்.

விலை ஏறினால் விவசாயிக்கு லாபம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தாய்லாந்து அரிசியை வைத்துப் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் 1989-ல் இதைக் கூர்மையாக அளந்தார். பின்னாளில் 2015-ல் நோபல் பரிசு பெற்றவர். ஒரு வீடு எவ்வளவு விளைவிக்கிறது என்பது போதாது, விற்பதிலிருந்து வாங்குவதைக் கழித்து மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும் என்றார். வீட்டு வளாகத்தில் ஐந்து தென்னை நிற்கும் குடும்பம், தேங்காயைச் சமையலுக்கே வைத்துக்கொண்டு எண்ணெயைக் கடையில்தான் வாங்குகிறது. அது விற்பவர் பட்டியலில் இல்லை, வாங்குபவர் பட்டியலில் இருக்கிறது. அண்டி ஆபீஸ் என்று இங்கே சொல்லும் முந்திரித் தொழிற்சாலையில் கொட்டை உடைக்கும் பெண்ணுக்கும், பிறர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவருக்கும் அந்த ஐந்து தென்னைகூட இருக்காது. அண்டி ஆபீஸுக்கு வரும் பச்சைக் கொட்டையே ஐவரி கோஸ்ட் போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. கொட்டை விலை ஏறி ஆபீஸ் பூட்டும் வாரத்தில் அந்தப் பெண்ணுக்குக் கூலி கிடையாது, எண்ணெய் விலை மட்டும் இருக்கும். ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-லேயே காட்டியபடி, வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும். 2022–23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமக் குடும்பங்களின் செலவில் சுமார் 46 சதவீதம் உணவுக்கு, நகரத்தில் 39.

இவர்களுக்கும் உலகச் சந்தைக்கும் நடுவில் நிற்பது ரேஷன் கடை. பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய் என்ற விலை, கோலாலம்பூரில் என்ன நடந்தாலும் அசைவதில்லை. வித்தியாசத்தை மாநில அரசு ஏற்கிறது. அந்தப் பாக்கெட்டில் தேங்காய் எண்ணெய் தர வேண்டும் என்று தென்னை விவசாயிகள் கேட்டுவருகிறார்கள். 400 ரூபாய் விலையில் அதைத் தொடங்கினால் அரசு தாங்காது, விவசாயிக்கும் அப்போது அது தேவையில்லை. ஆனால் நல்ல விலை கண்ட ஆண்டில் தோப்புக்கு உரம் வைத்து, தண்ணீர் பாய்ச்சி, விட்ட இடத்தில் கன்று நட்டிருப்பார்கள். கவனித்த மரம் ஓரிரு ஆண்டில் கூடுதலாகக் காய்க்கும், எல்லாத் தோப்பிலும் ஒன்றாக. அப்போது விலை சரியும். கொப்பரையை வாங்க ஆள் தேடும் அந்த ஆண்டில், மாவட்டத்து ரேஷன் கடைகளுக்கு மட்டுமாவது இங்கேயே ஆட்டிய எண்ணெயைக் கொள்முதல் செய்து கொடுக்கலாம்.