யுஸ்டிட்ஸ்பலாஸ்ட்: நீதிமன்ற மாளிகை

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் நாஜித் தலைவர்கள் மீதான விசாரணை நடந்த கட்டடத்தை ‘யுஸ்டிட்ஸ்பலாஸ்ட்’ என்பார்கள். இது ஜெர்மன் கூட்டுச்சொல். முன்பாதி, நீதி எனப் பொருள்படும் இலத்தீன் ‘யூஸ்டிட்டியா’. பின்பாதியின் வேர் ‘பலாட்டியம்’. உரோமின் பாலத்தீன் குன்றில் பேரரசர்கள் குடியிருந்ததால், குன்றின் பெயரே அரண்மனைக்கும் ஆகிவந்தது. ஆனால் யுஸ்டிட்ஸ்பலாஸ்டில் எந்த அரசரும் குடியிருந்ததில்லை. நியூரம்பெர்க் கட்டடத்தை 1916இல் திறந்துவைத்தவர் பவேரியாவின் கடைசி மன்னர் மூன்றாம் லூட்விக். அரசத் தொடர்பு அவ்வளவுதான். பெரிய நீதிமன்றக் கட்டடங்களை இப்படி அழைப்பது ஐரோப்பிய வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் ‘பலே த ஜுஸ்தீஸ்’ என்பார்கள். எனவே ‘நீதி அரண்மனை’ என்று தமிழாக்கினால், மன்னர் கொலுவிருந்து வழக்குக் கேட்ட இடம் போலாகிவிடும். ஆளுநர் மாளிகை என்கிறோமே, அந்த மாளிகையே போதும்.

‘நியூரம்பெர்க் நீதிமன்றம் நாஜித் தலைவர்களைத் தண்டித்தது’ என்று பலர் எழுதுகிறார்கள். தவறு இங்கேதான் நேர்கிறது. அந்நகர நீதிமன்றத்துக்கும் அந்த வழக்குக்கும் தொடர்பில்லை. விசாரித்தது அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் நான்கும் அமைத்த பன்னாட்டு இராணுவத் தீர்ப்பாயம். அதன் நிலையான இருக்கை பெர்லின் என்றே சாசனம் சொன்னது. 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை அது நியூரம்பெர்க் மாளிகையில் அமர்ந்தது. தீர்ப்புப் பெற்ற 22 பேரில் 12 பேருக்குத் தூக்கு, 7 பேருக்குச் சிறை, 3 பேர் விடுதலை. அதே மாளிகையில் 1949 வரை நடந்த 12 வழக்குகளை விசாரித்தவை அமெரிக்க இராணுவ மன்றங்கள். அவற்றையும் இதே தீர்ப்பாயத்தின் கணக்கில் சேர்க்கக்கூடாது.

விசாரணை நடந்த 600ஆம் எண் கூடத்தின் பெயர் ‘ஷ்வூர்கெரிஷ்ட்ஸ்ஸால்’. ‘ஷ்வூர்’ என்றால் சூள், அதாவது உறுதிமொழி. இதை வைத்துச் ‘சத்தியக் கூடம்’ என்று பெயர்த்தால் பொருள் போய்விடும். உறுதிமொழி ஏற்ற சான்றாயரோடு (ஜூரிகளோடு) கொலை முதலான கொடுங்குற்றங்களை விசாரித்த மன்றத்தின் பெயர் அது. ‘சான்றாயர் மன்றக் கூடம்’ பொருந்தும். தீர்ப்பாயம் அமர்ந்தபோதோ அங்கே சான்றாயரே இல்லை. நான்கு நீதிபதிகளும் நான்கு மாற்று நீதிபதிகளும் மட்டுமே.

‘நீதி’ வடசொல். தனித்தமிழ் வேண்டுவோர் ‘முறைமன்றம்’ என்பர். மதுரைக்காஞ்சியின் ‘அறங்கூறு அவையம்’ அழகான தொடர்தான். ஆனால் அது அறம் சொல்ல அமர்ந்த சான்றோரைக் குறிக்கிறது, கட்டடத்தை அல்ல. தீர்ப்பாயத்துக்கு வேண்டுமானால் அதைச் சொல்லலாம். தனித்தமிழில் கட்டடத்துக்கு ‘முறைமன்ற மாளிகை’.