பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் கள்ளப்பிரதிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி பழுதுபார்த்து வருகிறேன். பள்ளி விடுமுறை முடியும் வாரங்களில் என் மேசைக்கு வரும் லேப்டாப்புகள் பெரும்பாலும் ஒரே புகாரோடு வரும்: ஃபேன் ஓயாமல் இரைகிறது, எதையும் திறக்காதபோதும் இயந்திரம் சுடுகிறது. சென்ற ஆண்டு தம் மகனுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்த ஓர் அம்மா, ப்ரீபெய்ட் மீட்டரில் போடும் மின்சாரமும் வழக்கத்தைவிட விரைவாகத் தீர்ந்துவிடுகிறது என்று சேர்த்துச் சொன்னார். திறந்து பார்த்தேன். விண்டோஸ் அப்டேட் நின்று மாதக்கணக்கில் ஆகியிருந்தது; ஆன்டிவைரஸ் இருந்த இடமே காலியாக இருந்தது; ஆனால் திரையின் மூலையில் மட்டும் எல்லாம் நலம் என்பதுபோல ஒரு பச்சைக் குறி. பக்கத்தில் நின்ற பையன், "கேம் ஒன்றுதான் இறக்கினேன், அங்கிள்" என்றான்.

அவன் சொன்னது பொய்யல்ல. 2021 ஜூனில் ஆன்டிவைரஸ் மென்பொருள் செய்யும் அவாஸ்ட் நிறுவனம் 'கிராக்கோனோஷ்' என்ற தீநிரலைப் பற்றி வெளியிட்ட விவரங்கள் ஏறக்குறைய இதே காட்சியைத்தான் வரைந்து காட்டின. பெயர்பெற்ற கேம்களின் கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, பிரதிகளுக்குள் ஒளிந்துவரும் அந்நிரல், ஆன்டிவைரஸ் இயங்காத 'சேஃப் மோட்' நிலையில் கணினியை மீண்டும் துவங்க வைத்து, அங்கேயே பாதுகாப்பு மென்பொருளை அழித்துவிட்டு, அது இன்னும் உயிரோடிருப்பதாகக் காட்ட ஒரு போலிக் குறியையும் வைத்துவிடும். அதன்பின் உரிமையாளர் அறியாமலே அந்தக் கணினி 'மொனேரோ' என்ற மறைநாணயத்தை (கிரிப்டோகரன்சியை) யாரோ ஒருவருக்காகத் தோண்டிக்கொண்டிருக்கும், அதாவது ஓயாமல் கணக்குப் போட்டு அந்த நாணயத்தை ஈட்டிக்கொண்டிருக்கும். 2,22,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் அது நுழைந்திருந்தது என்றும், அதன் வழியே 20 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டப்பட்டது என்றும் அவாஸ்ட் கணக்கிட்டது. அந்தத் தொகைக்கான மின்கட்டணத்தை, கேம் இலவசமாகக் கிடைத்ததென்று மகிழ்ந்திருந்த வீடுகள்தான் கட்டின.

வட்டை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவிக் கொடுத்தபோது அந்த அம்மா கேட்ட கேள்வி என்னைச் சற்று நிறுத்தியது. "வைரஸ் இல்லாத இடமாகப் பார்த்து இறக்கினால் தப்பில்லையே?" தீநிரலைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டுவது எளிது, நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். ஆனால் சுத்தமான கள்ளப்பிரதிகளும் உண்டு என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்தக் கேள்விக்கு வேறு பதில் வேண்டியிருக்கிறது.

கள்ளப்பிரதிப் பழக்கம் இங்குள்ள தமிழர்களான நம்மிடையே எப்படி வேரூன்றியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இனவெறிச் சட்டங்களை எதிர்த்து இந்தியா 1946-இல் தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தைத் துண்டித்தது. அத்தடை 1993 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் தமிழ்ப் பாட்டும் படமும் இங்கே நேர்வழியில் வர இயலவில்லை. என் இளமையில் எங்கள் வீட்டுக்கு வந்த வீடியோ கேசட்டுகள் பிரதியின் பிரதியின் பிரதிகள். முகம் தெரியாத அளவுக்குத் திரை மங்கியிருக்கும், குரலை வைத்தே நடிகரை அடையாளம் காண்போம். பள்ளிகளில் தமிழ் சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் கேசட்டுகள் வழியாகத்தான் பல வீடுகளில் தமிழ் காதில் விழுந்தது. அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு இன்றும் நா எழவில்லை. ஏனெனில் அன்று பணம் கொடுக்க விரும்பியவருக்கும் கொடுக்க ஒரு கடை இருக்கவில்லை. இன்று நிலைமை அதுவன்று. சந்தா கட்டினால் தமிழ் அலைவரிசைகள் வீட்டுக்கு வருகின்றன, புதுப்படங்கள் சில வாரங்களில் இணையத்தில் வருகின்றன. தடை நீங்கி முப்பது ஆண்டுகள் ஆனபின்பும், தடைக்காலத்தின் நியாயத்தை மட்டும் நாம் கைவிடாமல் வைத்திருக்கிறோம்.

கேம்களுக்கும் இங்கே ஒரு பழங்கதை உண்டு. 1990-களில் வளர்ந்தவர்களுக்கு 'கோல்டன் சைனா' டிவி கேமைத் தெரியாமல் இராது. ஒரே கார்ட்ரிட்ஜில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே இருபதோ முப்பதோதான் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயர் கொண்ட கடைக்கும் நின்டெண்டோ நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், வீடியோ கேமும் பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் ஒரு 'திரைப்படமே' என்று 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் விளைவு பலருக்குத் தெரியாது. 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம், எழுத்துப் படைப்புகளைச் சொந்தப் படிப்புக்காக நியாயமான அளவில் பிரதி எடுக்க இடம் தருகிறது. திரைப்படத்துக்கு அந்தச் சொந்தப் பயன்பாட்டு விலக்கை அது தரவில்லை. "நான் விற்கவில்லையே, என் வீட்டில்தானே விளையாடுகிறேன்" என்ற வாதம் ஆகவே சட்டத்தில் நிற்காது. விற்பவருக்கோ, முதல் குற்றத்துக்கே ஒவ்வொரு பிரதிக்கும் 5,000 ரேண்ட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ உண்டு.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். "பணமெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே போகிறது, படைத்தவனுக்கா போகிறது?" என்று கேட்பவர்களிடம் நான் சாலமன் லிண்டாவைப் பற்றிப் பேசுவேன். இந்த மண்ணின் சூலுப் பாடகரான அவர் 1939-இல் பதிவுசெய்த 'ம்புபே' பாடல் உலகெங்கும் பல வடிவங்களில் பணம் குவித்தது. அவருக்குக் கிடைத்ததோ பத்து ஷில்லிங் என்பார்கள். 1962-இல் வறுமையிலேயே இறந்தார். கேள்வி கேட்பவரின் பக்கத்துக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. படைத்தவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தால் உரிமை வாரிசுகளிடம் திரும்பும் என்ற பழைய பிரிட்டிஷ் ஏகாதிபத்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டுதான் அவருடைய மகள்கள் வழக்காடினார்கள். 2006-இல் உடன்பாடு ஏற்பட்டு அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. கம்பெனி கொடுக்காததை மீட்டுத் தந்தது பதிப்புரிமைதான். நான் ஒரு கேமைக் கள்ளத்தனமாக இறக்கியிருந்தால் அந்த மகள்களுக்கு எந்த வகையில் உதவியிருக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. மேலும் கேம் செய்பவர் எல்லோரும் கடலுக்கு அப்பால் இருக்கும் பெருமுதலாளிகளும் அல்லர். 2015-இல் வந்த 'பிரோஃபோர்ஸ்' கேமைச் செய்த குழு கேப் டவுனில்தான் இருக்கிறது.

விலையைப் பற்றிய குறை உண்மையானது. புதிதாக வரும் பெரிய கேம் ஆயிரம் ரேண்டைத் தாண்டுகிறது. ஒரு வீட்டின் ஒரு வார மளிகைக்கு அது ஆகும். அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில், காத்திருப்பதுதான். ஓரிரு ஆண்டு கழித்து அதே கேம் தள்ளுபடியில் பாதிக்கும் கீழே வரும்.

ஆனால் காசு கொடுத்து வாங்குபவரைத் தொழில்துறை நடத்தும் விதமும் என்னால் ஆதரிக்கக்கூடியதாக இல்லை. லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாள்களில், பேட்டரியில் லேப்டாப் ஓடினாலும் ரவுட்டர் அணைந்துவிட்டதால், காசு கொடுத்து வாங்கிய கேம் இணையத்தில் உரிமத்தைச் சரிபார்க்க முடியாமல் திறக்க மறுத்தது. கிராக் செய்தவன் நிம்மதியாக விளையாடினான். யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31-இல் அணைத்தபோது, விலைகொடுத்தவர்களிடமிருந்தும் அது போய்விட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கண்டறிந்தது. விற்கவும் மாட்டேன், காப்பாற்றவும் மாட்டேன் என்பவரிடம் எனக்குள்ள கடமை, கடையில் கிடைக்கும் பொருளைச் செய்தவரிடம் உள்ள கடமைக்குச் சமமா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன்.

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் என் மேசையில் முடிவெடுக்கிறேன். கிராக் செய்த கேமையோ மென்பொருளையோ யார் கேட்டாலும் நிறுவுவதில்லை. அதனால் வாடிக்கையாளர் சிலர் பக்கத்துத் தெருவுக்குப் போனதும் உண்டு. விலைகொடுத்து வாங்கிய மென்பொருளுக்குக் காப்புப்பிரதி எடுக்கச் சட்டமே இடம் தருவதால், அதை மட்டும் தயங்காமல் செய்து தருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பையில் நான்கு வீடியோ கேசட்டுகளோடு வந்தார். மூன்றில் மகளின் திருமணம். நான்காவது, நான் வேறெங்கும் பார்த்திராத ஒரு பழைய தமிழ்ப் படம். அவர் மனைவி உயிரோடு இருந்தபோது அடிக்கடி போட்டுப் பார்ப்பாராம். அன்று மாலை இணையத்தில் எவ்வளவோ தேடியும் அதை விற்பவர் ஒருவரும் அகப்படவில்லை. நான்கையும் யூ.எஸ்.பி.யில் ஏற்றிக் கொடுத்தேன், மூன்றுக்கு மட்டும் கூலி வாங்கினேன். நான்காவதைப் பிரதி எடுத்தது சட்டப்படி சரியில்லை என்பதையும் சொன்னேன். "அந்தக் கேசட்டே அப்படி வந்ததுதானே, தம்பி" என்று சொல்லிவிட்டு, பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.