சிபில் கெட்டுப்போன இளைஞருக்குச் சட்டம் தரும் உரிமைகள்

காரைக்குடியில் ஒரு செல்போன் கடையில் ஆதாரும் பான் எண்ணும் கொடுத்தால் கால் மணி நேரத்தில் தவணைக்குப் போன் கிடைத்துவிடுகிறது. வேலை மாறும்போது சம்பளக் கணக்கும் மாறி, கடைசி இரண்டு தவணைகள் பழைய கணக்கிலிருந்து எடுக்கப்படாமல் நின்றுபோகும். வாங்கியவருக்கு அது நினைவிலேயே இருக்காது. மூன்று ஆண்டு கழித்து, அப்பாவின் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையை விரிவாக்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், "சிபில் சரியில்லை தம்பி" என்று மேலாளர் கைவிரித்துவிடுகிறார்.

இங்கே மேலாளரிடம் கெஞ்சிப் பயனில்லை. சிபில் என்று நாம் சொல்லும் கடன் மதிப்பெண்ணை, அதாவது கடன்களை எப்படி அடைத்தோம் என்று காட்டும் எண்ணை, அவர் போடுவதில்லை. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். முதலாவதன் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. மதிப்பெண் 300 முதல் 900 வரை. கடன் கொடுத்தவர் எழுதி அனுப்புவதைத்தான் இவர்கள் பதிந்துகொள்கிறார்கள். பேரேட்டில் பிழையான பற்று ஏறிவிட்டால் அதை எழுதியவரே திருத்த வேண்டும் என்பது செட்டிநாட்டில் யாருக்கும் புதிதல்ல. இதுவும் அந்தக் கணக்குதான்.

முதல் உரிமை, அறிக்கையைப் பார்ப்பது. 2017 ஜனவரி முதல், முழு அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர ஒவ்வொரு நிறுவனமும் கடமைப்பட்டிருக்கிறது. நான்கிலும் கேட்டு வாங்கலாம். வாங்கவும் வேண்டும், ஏனெனில் ஒன்றில் இருக்கும் பிழை இன்னொன்றில் இல்லாமல் இருக்கலாம். அவர்களின் இணையதளத்தில் கட்டணச் சந்தாதான் முதலில் கண்ணில் படும்; பொறுமையாகத் தேடினால் இலவச ஆண்டு அறிக்கைக்கான இடம் இருக்கும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஒரே மாதத்தில் ஐந்தாறு இடங்களில் கடனுக்கு விண்ணப்பித்தால் குறையலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் மதிப்பெண்ணை விட்டுவிட்டு உள்ளே படியுங்கள். நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா? அடைத்து முடித்த கடன் இன்னும் திறந்தே இருக்கிறதா? ஒரே கடன் இரண்டு முறை ஏறியிருக்கிறதா? கைபேசிச் செயலியில் வாங்கிய சில ஆயிரம் ரூபாய்கூட இங்கே ஒரு கடன்தான். மகளிர் குழுக்களுக்குப் போகும் கடனும் உறுப்பினர் பெயரில் பதிவாகிறது. நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் அறிக்கையில் வந்து உட்காரும். கல்லூரி முடித்தவர்கள் பலர் தடுமாறுவது கல்விக்கடனில்: படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் பொதுவாகத் தவணை கிடையாது. அந்தச் சலுகைக் காலம் முடிந்ததைக் கவனிக்காமல் விட்டவர் கணக்கில் நிலுவை ஏறும். உடன் கடன்தாரராகக் கையெழுத்திட்ட அப்பாவின் அறிக்கையிலும் ஏறும்.

பிழை இருந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதுவும் தாமதித்தால் இழப்பீடு என்ற பலத்தோடு. கடன் கொடுத்த நிறுவனத்திடமோ தகவல் நிறுவனத்திடமோ புகார் செய்யலாம். புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அது தீர்க்கப்பட வேண்டும். இந்த முப்பதில் 21 நாட்கள் கடன் கொடுத்தவருக்கு: அதற்குள் அவர் திருத்தத்தைத் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பியாக வேண்டும். 30 நாட்களைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இது 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்து, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி. யாரால் தாமதமோ அவர் கொடுக்க வேண்டும்; புகார் தீர்ந்த ஐந்து வேலை நாட்களுக்குள் பணம் உங்கள் கணக்குக்கு வர வேண்டும். திருத்த மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

ஆகவே புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். "பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதிலுக்குத் தேதி கிடையாது. கடன் எண், பிழை என்ன, சரியானது என்ன என்று எழுதி, கடன் பாக்கி இல்லை என்று கடன் கொடுத்தவர் தரும் நோ டியூ சான்றின் நகலை இணைத்து, தேதியிட்ட ஒப்புகையோ புகார் எண்ணோ வாங்குங்கள். முப்பது நாட்கள் எண்ணப்படுவது அந்தத் தேதியிலிருந்துதான். தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2022 செப்டம்பரிலிருந்து தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்.

பதிவு உண்மையாக இருந்தால் கதை வேறு. "சிபில் சரிசெய்து தரப்படும்" என்று விளம்பரம் செய்யும் இடைத்தரகருக்குக் கொடுக்கும் பணத்தை அந்த நிலுவையிலேயே கட்டிவிடலாம். உண்மையான பதிவைக் காசு வாங்கிக்கொண்டு அழிக்க யாராலும் முடியாது; கடன் தகவல் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்கப்படுகிறது. வசூல் அலுவலர் "பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்பார். அது சமரசத் தீர்வு. அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், அடுத்த வங்கி அதைப் பார்த்து முகம் சுளிக்கும். இயன்றவரை முழுவதும் கட்டி 'குளோஸ்டு' என்று பதியச் செய்யுங்கள். வழியே இல்லாதவருக்கு, இழுத்துக்கொண்டே போவதைவிடச் சமரசம் மேல் என்பது என் கருத்து.

பிறகு கட்டியெழுப்பும் வேலை. வைப்புத்தொகையின் பேரில் சில வங்கிகள் தரும் கிரெடிட் கார்டு, கெட்ட பெயர் எடுத்தவருக்கும் பெரும்பாலும் கிடைக்கும். வரம்பில் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்தி, மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறும். 2025 ஜனவரி முதல் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்பப்படுவதால், நல்லதும் கெட்டதும் முன்னைவிட விரைவில் அறிக்கைக்கு வருகின்றன. என்றாலும் மாதங்கள் ஆகும்.

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கடன் வரலாறு சரியில்லாதவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது.

கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணும் இருக்காது. அதை மட்டுமே காரணமாக்கி முதல் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. வங்கி வருமானத்தையும் திருப்பிச் செலுத்தும் திறனையும் பார்க்கும். எனவே சம்பளச் சீட்டு அல்லது வருமான வரிக் கணக்கு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு போங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.